பிறப்பும் பெருமையும்: ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவின் வாழ்க்கை

இலண்டன் மாநகரிலே பிக்கடில்லி என்னும் சந்தியை நேரிற் கண்டவர்களும் படங்களிற் கண்டவர்களும் அங்குள்ள நீரூற்றை மறந்திருக்க மாட்டார்கள். அதன் உச்சியில், ஒற்றைக் காலில் நின்று வில்லேந்தும் சிறகுடைய இளைஞன் ஒருவனின் உருவம் அலுமினியத்தால் வார்க்கப்பட்டு நிற்கின்றது. மக்கள் அவனைக் காதற் கடவுளாகிய ஈரொஸ் என்று அழைக்கின்றனர். அதனை வடித்த அல்பிரட் கில்பேட் என்னும் சிற்பி கருதியதோ வேறு. தன்னலம் கருதாத அன்பின் வடிவமாகிய அந்தெரொஸ் என்னும் தேவனையே அவர் மனத்திற் கொண்டிருந்தார். அந்த நீரூற்று 1893ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. அது ஒரு மனிதருடைய நினைவுச் சின்னம் என்பதை அவ்வழியே செல்வோரிற் பலர் அறியார். அந்த மனிதர் ஷாப்ட்ஸ்பரியின் ஏழாவது ஏர்ல் ஆகிய அந்தோனி ஆஷ்லி கூப்பர் ஆவார்.

ஏர்ல் என்பது இங்கிலாந்தின் பிரபுக்களுக்குரிய பட்டங்களுள் ஒன்று. தந்தைக்குப்பின் மூத்த மகனுக்கு அது உரிமையாகும். அக்காலத்தில் பட்டத்தோடு நிலமும் மாளிகையும் பிரபுக்கள் சபையில் ஆசனமும் வந்து சேர்ந்தன. இவை யாவும் பிறப்பினால் கிடைத்தன. ஆயினும் பிறப்பு ஒருவனுக்கு எதனைத் தரும், எதனைத் தராது என்னும் வினாவுக்கு இப்பிரபுவின் வாழ்க்கை நல்லதொரு விடையாக அமைந்துள்ளது. அவ்விடையை அறிவதற்கு முதலில் அவருடைய முன்னோரை அறிதல் வேண்டும்.

இக்குடும்பத்திற்குப் புகழ் தேடித் தந்தவர் முதலாவது ஏர்ல். அவருடைய பெயரும் அந்தோனி ஆஷ்லி கூப்பர் என்பதே. 1621ஆம் ஆண்டில் டோசெட் மாவட்டத்திலுள்ள விம்போன் சென் ஜைல்ஸ் என்னும் ஊரிலே அவர் பிறந்தார். தந்தை சேர் ஜோன் கூப்பர். தாய், அவ்வூர்ச் செல்வராகிய சேர் அந்தோனி ஆஷ்லியின் மகள். இரு குடும்பப் பெயர்களும் இணைந்தது இவ்வாறே. பத்து வயது நிறைவதற்கு முன்னரே பெற்றோர் இருவரையும் இழந்த அச்சிறுவன், அரசியலிலே வியத்தகு ஆற்றல் பெற்றவனாக வளர்ந்தான். உள்நாட்டுப் போர் மூண்டபோது முதலில் மன்னர் பக்கம் நின்றார். 1644இல் பாராளுமன்றத்தின் பக்கம் சேர்ந்தார். குரொம்வெல்லின் ஆட்சியிலும் சபையில் இடம்பெற்றார். முடியாட்சி மீண்டபின் இரண்டாம் சார்ல்ஸ் மன்னரிடம் நிதியமைச்சராகவும், பின்னர் லோட் சான்சலர் என்னும் உயர் பதவியிலும் விளங்கினார். 1672இல் ஷாப்ட்ஸ்பரியின் ஏர்ல் ஆனார்.

பின்னர் அதே மன்னரை எதிர்த்தார். மன்னரின் தம்பியாகிய ஜேம்ஸ் முடிசூடலாகாது என்று போராடினார். சட்டப்படி காரணங் காட்டாது ஒருவரைச் சிறையில் வைத்திருத்தலைத் தடுக்கும் ஆட்கொணர்வுச் சட்டம் 1679இல் நிறைவேறியமைக்கு அவருடைய முயற்சியும் ஒரு காரணம். இருமுறை இலண்டன் கோபுரத்திற் சிறையிருந்தார். இறுதியில் ஹொலண்டுக்குத் தப்பிச்சென்று, 1683ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் உயிர் நீத்தார். டிரைடன் என்னும் புலவர் தம் அங்கதக் காவியத்தில் அவரைச் சூழ்ச்சிக்காரராகச் சித்திரித்தார். தத்துவ அறிஞர் ஜோன் லொக்கோ அவருடைய இல்லத்திலேயே வாழ்ந்தவர், மருத்துவமும் பயின்றவர். 1668இல் ஈரலிற் கட்டி கண்டு பிரபு சாகுந் தறுவாயில் இருந்தபோது, லொக்கின் மேற்பார்வையில் நடந்த சத்திரசிகிச்சையே அவரைக் காத்தது.

இவ்வளவு ஆற்றல் படைத்த அம்மூதாதையின் வாழ்விலே ஒரு பெருங் கறையும் உண்டு. அமெரிக்காவிலே கரோலைனா என்னும் குடியேற்ற நாட்டின் உரிமையாளர் எண்மருள் அவர் ஒருவர். 1669இல் அந்நாட்டிற்கு வகுக்கப்பட்ட அரசியற் சாசனம், அடிமைகளின்மீது எசமானருக்கு முழு அதிகாரம் வழங்கியது. ஆபிரிக்க மக்களை விலைப்பொருளாக்கிய கம்பனியிலும் அவருக்குப் பங்கு இருந்தது. இங்கிலாந்திலே குடிமகனின் உரிமைக்காக வாதாடியவர், கடலுக்கு அப்பால் மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருப்பதிற் குற்றங் காணவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. ஐந்து தலைமுறைக்குப்பின் இவ்வினா வேறொரு வடிவில் இக்குடும்பத்தின் வாசலுக்கு வந்தது.

இரண்டாவது ஏர்ல் உடல் நலிந்தவர். அவருடைய மகனாகிய மூன்றாவது ஏர்ல், லொக்கின் கண்காணிப்பிலே கல்வி கற்று, ஐரோப்பா போற்றிய தத்துவ ஆசிரியர் ஆனார். மனிதனின் உள்ளத்தில் நன்மையை உணரும் இயல்பான உணர்வு ஒன்று உண்டு என்பது அவர் கொள்கை. 1711இல் தம் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். 1713இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிற் காலமானார். நான்காவது ஏர்ல் இசைமேதை ஹண்டலை ஆதரித்தவர். ஐந்தாவது ஏர்லுக்கு ஆண்மக்கள் இல்லாமையால், 1811இல் பட்டம் அவருடைய தம்பி குரொப்லிக்குச் சென்றது. அவரே ஏழாவது ஏர்லின் தந்தை. தாயின் வழியோ இதனினும் உயர்ந்தது. தாய் ஆன், மால்பரோவின் நான்காவது கோமகனுடைய மகள். 1704இல் பிளெனிம் போரில் வென்ற மாவீரர் சேர்ச்சிலின் வழித்தோன்றல்.

இத்தகைய குடியில் 1801ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் திகதி, இலண்டன் குரோவ்னர் சதுக்கத்தில், ஏழாவது ஏர்ல் பிறந்தார். தந்தை இருக்கும்வரை அவர் ஆஷ்லிப் பிரபு என்றே அழைக்கப்பட்டார். அரசியலும் தத்துவமும் வீரமும் இரு வழியிலும் வந்து கூடிய அவ்வில்லத்திலே ஒன்றே ஒன்று குறைவாயிருந்தது, அதுதான் அன்பு. தந்தை கடுமையானவர், பிரபுக்கள் சபையின் அலுவல்களில் மூழ்கியவர். தாய் விருந்துகளிலும் கேளிக்கைகளிலும் காலங் கழித்தவர். பெற்றோரின் காலடி ஓசை கேட்டால் பிள்ளைகள் அஞ்சினர்.

அக்குழந்தைக்கு அன்பு காட்டியவர் அவ்வீட்டின் பணிப்பெண்ணாகிய மரியா மில்லிஸ் என்னும் மூதாட்டி. தாயின் பிறந்தகமாகிய பிளெனிம் மாளிகையிலிருந்து வந்தவர் அவர். நம் இலக்கியங்கள் கூறும் செவிலித்தாயைப் போலச் சிறுவனை மடியிலிருத்தி வேதாகமக் கதைகளைச் சொன்னார்; அவனுடைய முதலாவது பிரார்த்தனையைக் கற்பித்தார். சிறுவன் பள்ளிக்கூட விடுதிக்கு அனுப்பப்பட்ட சிறிது காலத்தில் அவர் இறந்தார். தம்மிடமிருந்த பொற் கைக்கடிகாரத்தை, சட்டைப் பையில் வைக்கும் அவ்வகைக் கடிகாரத்தை, அச்சிறுவனுக்கே விட்டுச் சென்றார். மாளிகையும் நிலமும் பின்னாளில் அவருக்குக் கிடைத்தன. ஆயினும் வாழ்நாள் முழுவதும் அவர் அணிந்திருந்தது அப்பணிப்பெண் தந்த கடிகாரத்தையே. உலகில் தமக்கு வாய்த்த நண்பருள் அவரே தலைசிறந்தவர் என்று முதுமையிலும் சொல்லிவந்தார்.

முதலிற் பயின்ற பள்ளிக்கூடம் அழுக்கும் அடியும் நிறைந்தது. பின்னர் ஹரோ என்னும் புகழ்பெற்ற பள்ளிக்குச் சென்றார். அங்கே மாணவனாயிருந்தபோது ஒருநாள், குன்றின் அடிவாரத்திலே கூச்சலும் பாட்டும் கேட்டு நின்றார். குடிபோதையிலிருந்த சிலர் ஏழை ஒருவனின் பிரேதப் பெட்டியைச் சுமந்து வந்தனர். அழுவதற்கு ஓர் உறவினரும் இல்லை. தடுமாறியவர்கள் பெட்டியை நிலத்தில் விழவிட்டு, ஒருவரையொருவர் ஏசிக்கொண்டனர். ஏழை என்ற ஒரே காரணத்தால் இறந்த மனிதனுக்கும் மரியாதை இல்லையா என்று அவ்விளைஞர் திடுக்கிட்டார். தம் வாழ்வை ஏழைகளுக்காகச் செலவிடுவதென்று அவ்விடத்திலேயே தீர்மானித்தார். அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் நினைவுப்பலகை ஹரோவில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஒக்ஸ்போட் சர்வகலாசாலையில் முதல் வகுப்பில் தேறியபின், 1826இல் அவர் பாராளுமன்றத்திற் புகுந்தார். பிளெனிம் மாளிகைக்கு அருகிலுள்ள வுட்ஸ்டொக் தொகுதி அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் கைக்குள் இருந்தது. பிறப்பின் பயனாகவே அவ்வாசனம் கிடைத்தது என்பதை மறைத்தற்கில்லை. ஆனால் அவ்வாசனத்தில் இருந்துகொண்டு முதலில் அவர் யாருக்காகப் பேசினார்? பைத்தியக்காரர் எனச் சமுதாயம் கைவிட்ட மனநோயாளர்களுக்காகப் பேசினார். சனிக்கிழமை மாலையில் வைக்கோற் படுக்கையில் விலங்கிட்டுப் பூட்டப்பட்டவர்கள் திங்கட்கிழமை காலைவரை அவ்வாறே கிடந்து, பின்னர் குளிர்ந்த நீரினால் கழுவப்பட்ட கொடுமை அந்நாளிலே பாராளுமன்ற விசாரணையில் வெளியாயிற்று. 1828இல் மனநோயாளர் விடுதிகளைப் பார்வையிடும் ஆணையாளர்களுள் ஒருவராக அவர் நியமிக்கப்பட்டார். 1845இல் அவருடைய முயற்சியால் நிறைவேறிய சட்டங்கள் நிரந்தரமான ஆணைக்குழுவொன்றை அமைத்தன. இறக்கும்வரை, ஐம்பத்தேழு ஆண்டுகள், அப்பணியை அவர் கைவிடவில்லை. மனநோயாளருக்கு வாக்குமில்லை, கைதட்டுமில்லை. அவர்களுக்குச் செய்த தொண்டு அவருக்குப் பதவி எதனையும் தேடித் தரவில்லை.

இங்கிலாந்திலே கைத்தொழிற் புரட்சி உச்சம் அடைந்துகொண்டிருந்த காலம் அது. நீராவி இயந்திரங்களுக்குக் களைப்பில்லை. ஆகையால் அவற்றின் பக்கத்தில் நின்ற குழந்தைகளுக்கும் களைப்பு இருக்கலாகாது எனப் பல முதலாளிகள் எண்ணினர். பஞ்சாலைகளிலும் கம்பளி ஆலைகளிலும் சிறுவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேலாகவும் உழைத்தனர். 1830இல் ரிச்சட் ஓஸ்ட்லர் என்பவர் பத்திரிகையில் எழுதிய கடிதத்திலே, மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காகக் கண்ணீர் வடிப்போர் தம் யோக்‌ஷயர் மாவட்டத்து ஆலைகளிலுள்ள அடிமைகளைக் காணவில்லையா என்று கேட்டார். பத்து மணி நேர வேலைக்காகப் பாராளுமன்றத்தில் வாதாடிய மைக்கல் சட்லர் 1832ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றார். வழக்குரைக்க ஆளில்லாது தவித்த தொழிலாளரின் சார்பில் ஜோர்ஜ் புல் என்னும் பாதிரியார் 1833இல் ஆஷ்லிப் பிரபுவைத் தேடி வந்தார்.

பிரபு தயங்கினார். ஆலைகளைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. இதனை ஏற்றால் அமைச்சுப் பதவிக்கான வழி அடைபடும் என்பது மட்டும் தெரியும். வீட்டுக்குச் சென்று மனைவி எமிலியிடம் கூறினார். குழந்தைகளும் எதிர்காலமும் உடைய அவ்விளம் பெண், கடமையென்று தோன்றினால் விளைவைப் பாராது முன்செல்லும்படி சொன்னார். அதன்பின் அவர் பின்வாங்கவில்லை. 1841இல் பிரதமர் பீல் அரச மாளிகைப் பதவியொன்றை வழங்க முன்வந்தபோதும், பத்து மணிச் சட்டத்தை அவர் ஆதரிக்காமையால் அதனை ஏற்க மறுத்தார்.

1833ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கேட்டதை முழுவதும் தரவில்லை. ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளை நெசவாலைகளிற் சேர்க்கக் கூடாது. பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் வாரத்தில் 48 மணிக்கு மேல் உழைக்கக் கூடாது. அவர்களுக்குக் கல்வியும் அளிக்க வேண்டும் என்று அது விதித்தது. இவற்றைக் கண்காணிக்க நான்கு பரிசோதகர் நியமிக்கப்பட்டனர். நாடெங்குமுள்ள ஆலைகளுக்கு நால்வர் என்பது மிகச் சொற்பமே. எனினும் அரசாங்கத்தின் கண் ஆலைக்குள்ளே நுழைந்தது அப்பொழுதுதான்.

அடுத்து அவர் கவனம் நிலத்தின் கீழ்ச் சென்றது. அவர் வேண்டுகோளின்படி 1840இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழு, சுரங்கங்களைப் பற்றிய தன் அறிக்கையை 1842இல் படங்களோடு வெளியிட்டது. ஐந்தாறு வயதுக் குழந்தைகள் கும்மிருட்டிலே தனித்திருந்து, நிலக்கரி வண்டி வரும்போதெல்லாம் காற்றுக்கதவைத் திறந்து மூடினர். பெண்களும் சிறுமியரும் இடுப்பிற் கட்டிய வாரில் சங்கிலி பூட்டி, கால்நடை போல நாலுகாலில் தவழ்ந்து வண்டி இழுத்தனர். அப்படங்களைக் கண்ட இங்கிலாந்து வெட்கித் தலைகுனிந்தது. 1842ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி ஆஷ்லிப் பிரபு நிகழ்த்திய பேச்சைக் கேட்டு, எதிரணியிலிருந்த ரிச்சட் கொப்டன் எழுந்து வந்து அவர் கையைப் பற்றினார். எதிர்ப்பு வந்தது பிரபுக்கள் சபையிலிருந்தே. சுரங்கங்களுக்கு உடைமையாளர் அங்குப் பலர் இருந்தனர். பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுவரை விலக்க அவர் விரும்பினார். சபை அதனைப் பத்து வயதாகக் குறைத்தது. ஆயினும் பெண்களும் சிறுமியரும் சுரங்கத்தினுள் வேலைசெய்வது அவ்வாண்டிலேயே தடைசெய்யப்பட்டது.

இவ்வாறு பிறருடைய ஆலைகளையும் சுரங்கங்களையும் பற்றிப் பேசியவரை நோக்கி, ஆலை முதலாளிகளின் தரப்பினர் ஒரு கேள்வி எழுப்பினர். டோசெட்டிலே உம்முடைய குடும்ப நிலங்களில் உழைக்கும் கூலியாட்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதே அக்கேள்வி. ஜோன் பிரைட் 1844இல் பாராளுமன்றத்தில் இதனைக் கூறி இடித்துரைத்தார். குற்றச்சாட்டு உண்மையானது. டோசெட்டின் விவசாயக் கூலியாட்கள் குறைந்த கூலியிலும் இழிந்த குடிசைகளிலும் வருந்தினர். நிலமோ தந்தையினுடையது. மகன் என்ன செய்தார்? பிரைட் பேசுவதற்கு முன்னரே, 1843இல், அம்மாவட்டத்து நிலக்கிழார்கள் கூடிய விருந்தொன்றில் எழுந்து, கூலியையும் குடிசைகளையும் திருத்த வேண்டுமென வெளிப்படையாகப் பேசியிருந்தார். தந்தை சினந்தார். மகனுக்கு வீட்டு வாசல் அடைபட்டது. குடும்பப் பெருமையைக் காப்பதா, குடும்பத்தின் குற்றத்தைச் சொல்வதா என்ற சோதனையில் அவர் இரண்டாவதைத் தெரிந்துகொண்டார்.

1846இல் தானியச் சட்டங்களை நீக்குவதே நன்று என்று அவர் மனம் மாறியது. அவற்றைக் காப்பதாகக் கூறி வாக்குப் பெற்றவர் அவர். ஆகவே ஆசனத்தைத் துறந்தார். அதனால், பதின்மூன்று ஆண்டுகள் பாடுபட்ட பத்து மணிச் சட்டம் 1847இல் நிறைவேறியபோது அவர் சபையில் இருக்கவில்லை. ஆலை முதலாளியாயிருந்தும் தொழிலாளருக்காக உழைத்த ஜோன் பீல்டன் அதனை நிறைவேற்றினார். பின்னர் முதலாளிகள் சட்டத்திற் கண்ட ஓட்டைகளை அடைப்பதற்காக, 1850இல் பத்தரை மணி நேரத்துக்கு அவர் இணங்கினார். தொழிலாளர் பலர் அதனைத் துரோகம் என்றனர். அப்பழியையும் அவர் தாங்கினார்.

1851இல் தந்தை இறக்க, அவர் ஏழாவது ஏர்ல் ஆனார். பட்டத்தோடு பெருங் கடனும் வந்தது. குடிசைகளின் நிலை அவர் அஞ்சியதிலும் மோசமாக இருந்தது. கடன்பட்ட நிலையிலும் சிறிது சிறிதாகப் புதிய குடிசைகளைக் கட்டுவித்தார். நம்பிய காரியக்காரரின் மோசத்தால் நீண்ட வழக்குகளில் அகப்பட்டு மேலும் துன்புற்றார். பிறரைத் திருத்தப் புறப்பட்டவர் தம் வீட்டுக் கணக்கை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது அவர்மேல் உள்ள நியாயமான குறை.

தெருவிலே திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி அளித்த கந்தைப் பள்ளிகளின் சங்கம் 1844இல் தோன்றியது. அதன் தலைவராக அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விளங்கினார். புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி துடைத்த சிறுவரின் துயரமும் அவரை உறங்கவிடவில்லை. 1840இலும் 1864இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் ஏட்டளவிலேயே நின்றன. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஜோர்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் புகைபோக்கியுள் அகப்பட்டு இறந்தான். அவ்வாண்டிலேயே, எழுபத்து நான்கு வயதான பிரபு, பொலிசாரின் கண்காணிப்போடு கூடிய சட்டத்தைக் கொணர்ந்து அக்கொடுமைக்கு முடிவு கட்டினார். இந்தியாவின் பஞ்சாலைகளில் உழைத்த சிறுவருக்காகவும் அக்காலத்தில் அவர் பிரபுக்கள் சபையிற் பேசினார். போட்டிக்கு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளும் அக்கோரிக்கையை ஆதரித்தனர் என்பது உண்மையே; பிரபுவின் நோக்கம் அதுவன்று. 1881இல் இந்தியாவின் முதலாவது தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது.

அவருக்கும் எல்லைகள் இருந்தன. ஏழைகளுக்கு இரங்கிய அவர், ஏழைகள் தாமே ஆட்சியிற் பங்குகொள்வதை விரும்பவில்லை. 1867இல் வாக்குரிமை விரிவுபட்டதையும், 1872இல் இரகசிய வாக்கெடுப்பு வந்ததையும் ஐயத்தோடே நோக்கினார். தொழிற்சங்கங்களையும் அவர் நம்பவில்லை. காக்கும் கை மேலிருந்தே வரவேண்டும் என்னும் எண்ணம், பிறந்த குடி அவர் உள்ளத்தில் விட்டுச்சென்ற எச்சம் எனலாம். பிற்காலத்திலே தொழிலாளர் தம் சங்கங்களாலும் வாக்குகளாலும் பெற்றவற்றை நோக்கும்போது, அவ்வெண்ணம் பிழையானது என்பது தெளிவு. ஆயினும் பேசுவதற்கு நாவில்லாத குழந்தைகளுக்கு அக்காலத்தில் நாவாக இருந்தவர் அவரே.

1885ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி போக்ஸ்டன் என்னும் கடற்கரை ஊரில் அவர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்படும் பெருமையை அவர் விரும்பவில்லை. சென் ஜைல்ஸ் ஊர்த் தேவாலயத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். ஆனால் வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த வழிபாட்டிற்காக அவர் உடல் சென்ற வீதிகளிலே, தள்ளுவண்டியில் மரக்கறி விற்போரும், சப்பாத்துத் துடைக்கும் சிறுவரும், கந்தைப் பள்ளிப் பிள்ளைகளும் தலைவணங்கி நின்றனர். ஹரோவின் குன்றடியிலே ஓர் ஏழையின் பெட்டி அழுவாரின்றி விழக் கண்ட சிறுவனுக்கு, ஏழைகளே அழுது விடைகொடுத்தனர்.

நேயர்களே, முதலாவது ஏர்லின் ஆற்றலும் மூன்றாவது ஏர்லின் அறிவும் மால்பரோவின் வீரமும் இவருக்குக் குடிவழியாக வந்தன. பாராளுமன்றத்தின் கதவைத் திறந்ததும் அக்குடியே. ஆனால் அக்கதவினுள்ளே நுழைந்து யாருக்காகப் பேசவேண்டும் என்பதைக் கற்பித்தவர், எந்தப் பட்டமும் இல்லாத பணிப்பெண் மரியா மில்லிஸ். அவர் தந்த கடிகாரமே எண்பத்து நான்கு வயதுவரை பிரபுவுக்கு நேரங் காட்டிற்று.